பதினேழு வயதில் ஒரு பாடம்: பிரிட்டனை நோக்கும் அமெரிக்க மாணவர்கள்

பிரிட்டனில் இளநிலைப் படிப்பில் சேர விரும்புகிறவர்களின் விண்ணப்பங்களைப் பெரும்பாலும் யூகாஸ் என்ற அமைப்பே பெற்றுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவைக்கிறது. 2025 ஜூன் இறுதிவரை அதன் வழியே விண்ணப்பித்த அமெரிக்க மாணவர்கள் ஏறக்குறைய 7,900 பேர். முந்தைய ஆண்டைவிட இது சுமார் 14 விழுக்காடு அதிகம். அதுவரையிலான ஒப்பிடத்தக்க பதிவுகளில் அதுவே உச்சம். அமெரிக்காவில் ஆண்டுதோறும் பள்ளி முடிக்கிறவர்கள் முப்பத்தைந்து லட்சத்துக்கும் மேல். அந்தக் கடலில் இது சிறு துளிதான். ஆனாலும் உலகம் முழுவதும் எந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் தேடுகிறதோ, அந்த நாட்டின் பிள்ளைகளே வெளியே இடம் தேடுகிறார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: அமெரிக்க அரசியல் சூழல், அமெரிக்கக் கல்லூரிக் கட்டணம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் விண்ணப்பப் படிவங்களை அருகருகே வைத்துப் படித்தால் இன்னும் ஆழமான ஒரு வேறுபாடு தெரிகிறது. இரு நாடுகளும் பதினேழு வயதுப் பிள்ளையிடம் இரு வேறு கேள்விகளைக் கேட்கின்றன. எந்தக் கேள்விக்குத் தன்னிடம் பதில் இருக்கிறது என்பதை வைத்தே ஒரு மாணவி முடிவெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். பணமும் அரசியலும் அதற்குப் பிறகு வரட்டும்.

அமெரிக்கக் கல்லூரிகள் பல காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தை ஏற்கின்றன. 1975இல் தொடங்கிய ஏற்பாடு இது. அதில் ஒரு மாணவர் இருபது கல்லூரிகள் வரை தேர்ந்தெடுக்கலாம். வகுப்புக்கு வெளியே தான் செய்தவற்றுள் பத்தைப் பட்டியலிடலாம். தன்னைப் பற்றி 650 சொற்களுக்கு மிகாமல் ஒரு கட்டுரை எழுத வேண்டும். எதிர்கொண்ட தடை, மாறிப்போன நம்பிக்கை, தன்னை உருவாக்கிய பின்னணி எனத் தலைப்புகள் எல்லாம் ஆளைச் சுற்றியே வரும். இதற்கு மேல் ஒவ்வொரு கல்லூரியும் தன் பங்குக்குத் தனிக் கட்டுரைகள் கேட்கும். என்ன படிக்கப்போகிறாய் என்ற கேள்வி எங்காவது ஒரு மூலையில் இருக்கும். பல கல்லூரிகளில் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று எழுதினாலும் குறையில்லை. முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் முடிவில் அறிவித்தால் போதும்.

இந்தத் தாராளத்துக்கு ஒரு பெருமைக்குரிய வரலாறு உண்டு. 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், எல்லாரும் ஒரே பாடங்களைப் படித்தாக வேண்டும் என்ற பழைய முறையைத் தளர்த்தி, மாணவர்களே பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் முறையைப் பரவலாக்கினார். முதலாண்டில் வானியலும் கிரேக்க நாடகமும் கேட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டில் பொருளாதாரத்தில் நிலைகொள்ளும் சுதந்திரம் அங்கிருந்து வந்தது.

‘முழு மனிதரை மதிப்பிடுகிறோம்’ என்ற சேர்க்கை முறைக்கோ வேறொரு வரலாறு. 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்ட் மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யூதர்கள். தேர்வு மதிப்பெண் ஒன்றையே பார்த்தால் அந்தப் பங்கு இன்னும் உயரும் என்று அஞ்சிய தலைவர் லாரன்ஸ் லோவெல் 1922இல் வெளிப்படையான ஒதுக்கீட்டு வரம்பையே முன்வைத்தார். ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. பிறகு ‘குணநலன்’, ‘ஆளுமை’, பரிந்துரைக் கடிதம், புகைப்படம் ஆகியவை சேர்க்கைக்குள் நுழைந்தன. யூதர்களின் எண்ணிக்கை குறைந்தது. சமூகவியலாளர் ஜெரோம் கேரபெல் 2005இல் வெளியிட்ட ‘தி சோசன்’ என்ற நூல் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றின் ஆவணங்களையும் கொண்டு இதை விரிவாக நிறுவுகிறது. பின்னாளில் அதே முறை கறுப்பின மாணவர்களுக்குக் கதவைத் திறக்கவும் பயன்பட்டது. அந்தப் பயனை 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் முடிவுக்குக் கொண்டுவந்தது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் முன்னுரிமை தருவது பல தனியார் கல்லூரிகளில் இன்றும் தொடர்கிறது. 2019இல் வெளிவந்த சேர்க்கை ஊழலில் பணக்காரப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் போலி விளையாட்டு வீரர்களாகக் காட்டி இடம் வாங்கியது, இந்த முன்னுரிமை என்ற ஓட்டை வழியாகத்தான்.

பிரிட்டன் கேட்பது வேறு. யூகாஸில் ஐந்து விருப்பங்களை மட்டுமே குறிக்கலாம். அவையும் கல்லூரிகள் அல்ல. இந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு என்று குறிப்பிட்டாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்கலாம். ஐந்து விருப்பங்களுக்கும் ஒரே தன்விளக்கம்தான் போகும் என்பதால், வரலாற்றையும் உயிரியலையும் சேர்த்துக் குறிவைக்க வழியில்லை. 2026 சேர்க்கையிலிருந்து அந்தத் தன்விளக்கம் மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய்? இதுவரை படித்தது இதற்கு உன்னை எப்படித் தயார்செய்தது? பள்ளிக்கு வெளியே இதற்காக வேறென்ன செய்தாய், அது ஏன் பயனுள்ளது? மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. பாட்டி இறந்த துயரமோ கால்பந்து அணித் தலைமையோ பாடத்தோடு தொடர்பில்லையென்றால் அங்கே எடுபடாது. பொருளாதாரத்துக்கு விண்ணப்பிக்கிறவர் எந்த நூலைப் படித்தார், அதில் எந்த வாதம் அவருக்கு ஒப்பவில்லை என்பதையே படிப்பவர் தேடுவார். அந்தப் படிப்பவரும் பல இடங்களில் அந்தத் துறையின் ஆசிரியரே. தொழில்முறைச் சேர்க்கை அலுவலர் அல்ல.

ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் நேர்காணல்களில் இது உச்சத்தை அடைகிறது. டிசம்பர் வாக்கில், இப்போது பெரும்பாலும் இணையவழியாக, அரைமணி நேரத்துக்கு ஓர் ஆசிரியர் மாணவருக்குப் புதிதான ஒரு கணக்கையோ அவர் படித்திராத ஒரு பத்தியையோ முன்வைத்து அவரைச் சிந்திக்கவைப்பார். சரியான விடை சொன்னாரா என்பதைவிட, குறிப்புக் கொடுத்ததும் தன் வழியைத் திருத்திக்கொண்டாரா என்பதே அங்கே அளக்கப்படுகிறது. வாரந்தோறும் ஆசிரியரோடு நடக்கப்போகும் டியூட்டோரியல் என்ற சிறுவகுப்பின் ஒத்திகைதான் அது. ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஏறக்குறைய நால்வரே இடம் பெறுகிறார்கள். ஏன் கிடைத்தது, ஏன் கிடைக்கவில்லை என்று யாராலும் தெளிவாகச் சொல்ல முடிவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் வெளிநாட்டவருக்குப் போட்டி கடுமைதான். ஆனால் எதை வைத்து மதிப்பிட்டார்கள் என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரியும். பதினேழு வயதுப் பிள்ளையின் அறிவை நேராகப் பார்த்துப் பேசும் இந்த முறையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த மரியாதை இலவசமாக வருவதில்லை. ஆங்கிலேயப் பிள்ளைகள் பதினாறு வயதிலேயே ஏ லெவல் என்ற பள்ளியிறுதித் தேர்வின் மூன்று அல்லது நான்கு பாடங்களுக்குள் சுருங்கிவிடுகிறார்கள். அதே தேர்வு மரபில் வந்த இலங்கையின் உயர்தரப் பரீட்சையை எழுதியவர்களுக்கு இது பழகிய பாதை. அமெரிக்கப் பள்ளியிலோ கடைசி ஆண்டு வரை ஐந்தாறு பாடங்கள் அகலமாக ஓடும். எனவே அமெரிக்கப் பள்ளிச் சான்றிதழை மட்டும் ஏ லெவலுக்கு நிகராக முன்னணிப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி தேர்வுகளைக் கேட்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டுக்கு மூன்று அல்லது நான்கு பாடங்களில் உச்ச மதிப்பான 5 வேண்டும். கேம்பிரிட்ஜ் பொதுவாக ஐந்து பாடங்களில் எதிர்பார்க்கிறது. ஏபி வகுப்புகளே போதுமான அளவு நடக்காத கிராமப்புறப் பள்ளியிலோ ஏழை நகர்ப்புறப் பள்ளியிலோ படிக்கும் மாணவிக்கு இந்த வாசல் தொடக்கத்திலேயே குறுகிவிடுகிறது. அமெரிக்கச் சேர்க்கை முறை தன் எல்லாக் குறைகளோடும் ‘உன் பள்ளி தந்த வாய்ப்பில் நீ எவ்வளவு செய்தாய்’ என்றாவது பார்க்க முயல்கிறது. பிரிட்டன் தன் நாட்டு ஏழை மாணவர்களுக்கு இத்தகைய சூழலைக் கணக்கில் எடுக்கிறது. அமெரிக்காவிலிருந்து வருகிறவருக்கு அந்தச் சலுகை அரிது.

பலர் கவனிக்காமல் சிக்கிக்கொள்ளும் இடம் காலக்கணக்கு. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றுக்கும் மருத்துவத்துக்கும் அக்டோபர் நடுவிலேயே கெடு முடிகிறது. அமெரிக்கப் பள்ளியில் கடைசி ஆண்டு தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருக்கும். சட்டம், மருத்துவம் போன்ற படிப்புகளுக்குத் தனி நுழைவுத் தேர்வும் உண்டு. மற்றவற்றுக்கு ஜனவரி நடுவரை அவகாசம். பிறகு வரும் அனுமதி பெரும்பாலும் நிபந்தனையோடு வரும்: மே மாதம் எழுதவிருக்கும் ஏபி தேர்வுகளில் இத்தனை 5 எடுத்தால் இடம் உண்டு. அந்த முடிவுகள் ஜூலையில்தான் வெளியாகும். அமெரிக்கக் கல்லூரிகளோ மே 1க்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதிசெய்யச் சொல்கின்றன. ஆகவே பிரிட்டனைத் தேர்ந்தெடுக்கும் மாணவி, கையில் உள்ள உறுதியான அமெரிக்க இடத்தை விட்டுவிட்டு, இன்னும் எழுதாத தேர்வை நம்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். இதைத் தவிர்க்க ஒரே வழி, கடைசிக்கு முந்தைய ஆண்டிலேயே தேவையான ஏபி தேர்வுகளை எழுதி முடித்துவிடுவது. அப்படியானால் பதினைந்து, பதினாறு வயதிலேயே திட்டமிட்டிருக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லக்கூடிய ஆலோசகர் உள்ள பள்ளி எது என்று யோசித்தால், விண்ணப்பிப்பவர்கள் எந்த வகைக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்பதும் புரியும்.

இனிப் பணம். ‘பிரிட்டன் மலிவு’ என்ற பேச்சு பாதி உண்மை. எந்தப் பாதி என்பது குடும்பத்தின் வருமானத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கான கட்டணத்துக்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. 2025-26இல் 9,535 பவுண்டு. வெளிநாட்டவருக்கு அந்த வரம்பு கிடையாது. தாட்சர் அரசு 1980-81 கல்வியாண்டிலிருந்து அயல்நாட்டு மாணவரிடம் முழுச் செலவையும் வசூலிக்கச் சொன்ன நாள்முதல் இதுதான் நிலை. இன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு 30,000 பவுண்டுக்கும் மேல். ஆக்ஸ்ஃபோர்டில் 40,000 பவுண்டை நெருங்கித் தொடங்கி அறிவியல், மருத்துவப் படிப்புகளில் இன்னும் ஏறுகிறது. வாழ்க்கைச் செலவு, விமானக் கட்டணம், விசா, ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம் எல்லாம் சேர்த்தால், மூன்றாண்டுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் டாலரிலிருந்து இரண்டே கால் லட்சம் டாலர் வரை ஆகலாம்.

அமெரிக்காவின் முன்னணித் தனியார் கல்லூரியில் முழுச் செலவையும் தானே கட்டும் குடும்பத்துக்கு நான்காண்டில் மூன்று லட்சம் டாலரையும் தாண்டும். அந்தக் குடும்பத்துக்குப் பிரிட்டன் உண்மையிலேயே மிச்சம். ஆனால் தன் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், காலேஜ் போர்டு கணக்குப்படி 2024-25இல் சராசரிக் கட்டணம் 11,610 டாலர்தான். தங்குமிடம், உணவு, இதர செலவுகள் எல்லாம் சேர்ந்தாலும் ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலரில் முடியும். மிச்சிகன், வர்ஜீனியா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் வசிப்பவர்கள் உலகத் தரமுள்ள பல்கலைக்கழகத்தை தனியார் கல்லூரியைவிட மிகக் குறைந்த செலவிலேயே பெறுகிறார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஹார்வர்டில் இடம் கிடைத்தாலோ கணக்கே வேறு. 2025-26 முதல் ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலர் வரை உள்ள குடும்பங்களுக்கு அங்கே கல்விக் கட்டணம் இல்லை. ஒரு லட்சத்துக்குள் இருந்தால் தங்குமிடம், உணவுச் செலவும் இல்லை. பிரிட்டனில் வெளிநாட்டு இளநிலை மாணவருக்குத் தேவையறிந்து இப்படிக் கொடுக்கும் ஏற்பாடு கிட்டத்தட்ட இல்லை. ரோட்ஸ், மார்ஷல், கேட்ஸ் கேம்பிரிட்ஜ் ஆகிய புகழ்பெற்ற உதவித்தொகைகள் எல்லாம் பட்டம் முடித்தவர்களுக்கு.

கடன் வாங்கலாமே என்றால், அமெரிக்க அரசின் மாணவர் கடனைப் பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் பயன்படுத்தலாம். திருப்பித் தரத் தேவையில்லாத பெல் உதவித்தொகையைப் பயன்படுத்த முடியாது. கல்விக்கென்று வரிச் சலுகையோடு சேமிக்கும் 529 கணக்கிலிருந்து, அங்கீகாரம் பெற்ற அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டலாம். ஆனால் பெற்றோரைச் சார்ந்த மாணவருக்குத் தன் பெயரில் கிடைக்கும் அரசுக் கடன் முதலாண்டில் 5,500 டாலர்தான். மீதியைப் பெற்றோர் கடனாக வாங்கி நிரப்பினார்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அந்தப் பெற்றோர் கடனுக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர் என்று 2026 ஜூலை முதல் உச்சவரம்பு வைத்துவிட்டது. சேமிப்பு இல்லாத நடுத்தரக் குடும்பத்துக்கு இது கதவை ஏறக்குறைய மூடுகிறது. இந்த நிலையில் தனியார் வங்கிக் கடனை நம்பி ஒரு பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்புவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் அமெரிக்கர்களை இவ்வளவு விரும்பி அழைப்பதற்குக் காரணமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் உள்நாட்டுக் கட்டணம் 2017 முதல் 2024-25 வரை 9,250 பவுண்டிலேயே நின்றது, விலைவாசி நிற்கவில்லை. விழுந்த பள்ளத்தை வெளிநாட்டு மாணவரின் கட்டணம் நிரப்புகிறது. அப்படியும் போதவில்லை: 2025 ஜனவரியில் கார்டிஃப் பல்கலைக்கழகம் 400 பணியிடங்களைக் குறைக்கவும் இசை, நவீன மொழிகள் உள்ளிட்ட துறைகளை மூடவும் திட்டம் வெளியிட்டது. விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டுமன்றி, தான் சேரும் துறை மூன்றாண்டு கழித்தும் இருக்குமா என்பதையும் விசாரிப்பது இன்று அவசியமாகிவிட்டது.

சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது? அமெரிக்க மாணவிக்கு முதல் அதிர்ச்சி மதிப்பெண்ணில் வரும். பிரிட்டனில் 70 எடுத்தாலே முதல் வகுப்பு. பள்ளியில் 97க்குக் குறைந்ததே இல்லாதவர் முதல் கட்டுரைக்கு 62 வாங்கித் திகைப்பார். அது நல்ல இரண்டாம் வகுப்பு என்று புரிய ஒரு பருவம் ஆகும். அமெரிக்காவில் வாராந்திரப் பணி, சிறுதேர்வு, வகுப்பில் பேசியதற்கு மதிப்பெண் என்று தொடர்ந்து கையைப் பிடித்துக்கொண்டே போவார்கள். பிரிட்டனில் பல படிப்புகளில் முதலாண்டில் தேறினால் போதும், அந்த மதிப்பெண் பட்டத்தில் சேராது. கடைசி ஆண்டுத் தேர்வுகளில் பெரும்பகுதி எடை குவிந்திருக்கும். கலைப்புலப் பாடங்களில் பல சமயம் வாரத்துக்குச் சில மணி நேர வகுப்புகளே இருக்கும். மீதி நேரம் நூலகத்தில். கேட்க ஆளில்லாத அந்த நேரத்தில் சிலர் மலர்கிறார்கள், சிலர் கரைந்துபோகிறார்கள். பாடம் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டால் மாறுவது கடினம். பல சமயம் மறுபடி முதலாண்டிலிருந்து தொடங்க நேரும். அமெரிக்காவில் நான்காண்டுப் படிப்பில் சேருகிறவர்களில் சேர்ந்த கல்லூரியிலேயே ஆறாண்டுக்குள் பட்டம் பெறுவோர் சுமார் 64 விழுக்காடுதான் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அகலமும் நெகிழ்வும் எல்லாரையும் கரைசேர்த்துவிடுவதில்லை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஸ்காட்லாந்து. அங்கே பட்டம் நான்காண்டு. முதல் இரண்டாண்டில் முதன்மைப் பாடத்தோடு வேறு இரண்டு பாடங்களைச் சேர்த்துப் படிக்கலாம், பிறகு அவற்றில் ஒன்றுக்கு மாறவும் பல துறைகளில் வழியுண்டு. அமெரிக்கக் கல்லூரி மரபில் ஸ்காட்லாந்தின் சாயல் இருப்பது தற்செயலும் அல்ல. பிரின்ஸ்டனாக வளர்ந்த நியூஜெர்சி கல்லூரிக்கு 1768இல் தலைமையேற்ற ஜான் விதர்ஸ்பூன் எடின்பரோவில் படித்தவர். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பெஞ்சமின் ரஷ் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1413இல் தோன்றிய செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்று ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அமெரிக்கர். அது காமன் ஆப் வழியாகவும் விண்ணப்பம் வாங்குகிறது. 2011 முதல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, இரண்டாண்டு அங்கே, இரண்டாண்டு இங்கே என்று கூட்டுப் பட்டமும் தருகிறது. ஆர்வம் இரண்டு மூன்று துறைகளில் பரவிக்கிடக்கும் மாணவருக்கு ஆக்ஸ்ஃபோர்டைவிட ஸ்காட்லாந்தே பொருந்தும் என்பேன். ஆனால் நான்காவதாக ஓர் ஆண்டுக்கும் கட்டணம் கட்ட வேண்டும்.

பட்டத்துக்குப் பிறகான வாழ்க்கையை இப்போதே யோசிக்க வேண்டிய துறை மருத்துவம். பிரிட்டனில் பள்ளி முடித்ததும் ஐந்தாறு ஆண்டில் மருத்துவராகிவிடலாம் என்பது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அமெரிக்காவுக்குத் திரும்பும்போது அவர் தன் சொந்த நாட்டிலேயே அயல்நாட்டில் படித்த மருத்துவராகக் கருதப்படுவார். உரிமத் தேர்வுகளை எழுதி, பயிற்சியிட ஒதுக்கீட்டில் உள்நாட்டுப் பட்டதாரிகளோடு பின்தங்கிய நிலையிலிருந்து போட்டியிட வேண்டும். அமெரிக்காவில் மருத்துவராக விரும்பும் மாணவி அங்கேயே படிப்பது நல்லது. பிரிட்டனில் தங்கி வேலை தேடலாம் என்று எண்ணுகிறவர்களுக்கும் காலம் சுருங்கிவருகிறது: 2021இல் தொடங்கிய பட்டதாரி விசா இரண்டாண்டு தந்தது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்குப் பதினெட்டு மாதம்தான். அமெரிக்க முதுநிலைப் படிப்புக்குத் திரும்புகிறவர்களுக்கு மூன்றாண்டுப் பட்டம் பெரிய தடையாக இருப்பதில்லை; பெயர்பெற்ற பிரிட்டிஷ் பட்டத்தை அங்குள்ள பல்கலைக்கழகங்கள் நன்றாக அறியும்.

அமெரிக்கச் சேர்க்கைப் பதற்றத்திலிருந்து தப்பிக்க மட்டும் பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பது தவறு. அரசியல் வெறுப்பும் போதாது. ஆட்சிகள் மாறும், தேர்ந்தெடுத்த பாடம் மாறாது. யாரும் சொல்லாமலே ஒரு பாடத்தைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, குடும்பத்தால் கடனில்லாமல் தாங்க முடியுமென்றால், பிரிட்டனைவிட நல்ல இடம் அரிது. அந்தப் பிள்ளை யார் என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பல துறைகள் தம் முதலாண்டுப் பாடத்திட்டத்தையும் வாசிப்புப் பட்டியலையும் இணையத்தில் எல்லாரும் பார்க்க வைத்திருக்கின்றன. கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடை விடுமுறையில் அதிலிருந்து இரண்டு நூல்களை எடுத்துப் படியுங்கள். மூன்றாவதைக் கை தானாகத் தேடினால் விண்ணப்பியுங்கள். தேடவில்லையென்றால், இன்னும் இரண்டாண்டு யோசிக்க இடம் தரும் உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேருங்கள்.